சிறுத்த செய்மதியும் பொதுவாகாத வானமும்

"செய்மதி சிறுத்துவிட்டது, ஆகவே வானம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது" என்னும் கூற்று அண்மைக் காலத்தில் கருத்தரங்குகளிலும் பத்திரிகைகளிலும் ஒருவகை வேதவாக்காகவே வழங்கி வருகின்றது. ஒரு காலத்தில் வல்லரசுகளுக்கு மட்டுமே கைகூடிய காரியத்தை இன்று ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடம் செய்துவிடுகின்றது. தொன் கணக்கில் எடையுள்ள செய்மதி செய்த வேலையைப் பயணப் பெட்டியளவு செய்மதி செய்துவிடுகின்றது. எனவே இத்துறையில் இனி ஏழை நாடு, செல்வ நாடு என்ற வேற்றுமை இல்லை என்பதே இக்கூற்றின் சாரம். இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது சிறு செய்மதிகளுக்கென வடிவமைக்கப்படும் செந்நிறக்கீழ் விம்ப நிறமாலைமானியாகும். அக்கருவியையே எடுத்து ஆராய்ந்தால் இக்கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்பது தெளிவாகும். கருவி சிறுத்தது உண்மை. அதனோடு அதிகாரமும் பரவலாயிற்று என்பது உண்மையன்று.

1. கருவியும் அதன் பணியும்

1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தினூடாகச் செலுத்தி, பிரிந்த நிறங்களின் மேல் வெப்பமானிகளை வைத்து நோக்கினார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் உயர்ந்தது. செந்நிறக்கீழ்க் கதிர் என்று வழங்குவது இதுவே. பல வாயுக்களும் பல கனிப்பொருள்களும் இக்கதிரின் குறித்த சில அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையன. மெதேன் 1.65 மைக்குரோமீற்றரை அண்டியும் 2.3 மைக்குரோமீற்றரை அண்டியும் ஒளியை உறிஞ்சுகின்றது. நீர் 3 மைக்குரோமீற்றரை அண்டிய பகுதியில் வலிய அடையாளம் காட்டுகின்றது. ஆகவே ஒளியைப் பிரித்துப் பார்க்க வல்லவனுக்குத் தொலைவிலிருந்தே பொருளின் பெயரைச் சொல்ல முடியும்.

விம்ப நிறமாலைமானி இதனை ஒரு புள்ளிக்கு மட்டும் செய்யாமல் நிலப்பரப்பு முழுவதற்கும் செய்கின்றது. ஒடுங்கிய பிளவொன்றின் வழியே நிலத்தின் ஒரு கீற்று உள்வாங்கப்படுகின்றது. நுண்ணிய கோடுகள் நெருங்க வரையப்பட்ட நெய்யரி அக்கீற்றின் ஒளியை நிறம் நிறமாக விரிக்கின்றது. விரிந்த ஒளி உணரித் தகட்டில் விழுகின்றது. செய்மதி முன்னேற முன்னேறக் கீற்றின்மேற் கீற்றாக ஒரு படம் உருவாகின்றது. அப்படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு நிறமாலை அடங்கியிருக்கின்றது.

2. சுருங்கியவை

இக்கருவியைச் சிறிதாக்குவதில் அறிவியலாளர் கண்ட வெற்றியை யாரும் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. 1959 இல் டைசன் என்பாரும், 1970களில் ஒப்னர் என்பாரும் ஒரே மையத்தைச் சுற்றி அமைந்த ஆடிகளையும் வில்லைகளையும் கொண்டு வழுக்குறைந்த ஒளியியல் அமைப்புகளை வகுத்தனர். அவற்றின் வளைபரப்பிலேயே நெய்யரியை வரைய முடிந்தபின், பல பாகங்கள் செய்த வேலையை இரண்டு மூன்று பாகங்களே செய்தன. 2008 இல் சந்திரயான்-1 இல் ஏறிச்சென்ற சந்திரக் கனிப்பொருள் வரைபடக் கருவி ஏறத்தாழ 8 கிலோகிராம் திணிவினது. அதன் அளவீடுகளே சந்திர மேற்பரப்பில் நீரின் அல்லது ஐதரொட்சிலின் அடையாளம் பரவலாக உண்டென 2009 இல் உலகுக்கு அறிவித்தன. 2016 இல் கனடாவைச் சேர்ந்த ஜீஎச்ஜீசற் என்ற தனியார் நிறுவனம் அனுப்பிய 'கிளேயர்' செய்மதியின் மொத்தத் திணிவே ஏறத்தாழ 15 கிலோகிராம்தான். 2019 சனவரியில் அது மேற்குத் துர்க்மெனிஸ்தானில் ஒரு சேற்று எரிமலையை நோக்கிக்கொண்டிருந்தபோது, அருகே கோர்ப்பேசே என்ற இடத்து எரிவாயு நிலையத்திலிருந்து வெளிப்பட்ட பெரும் மெதேன் ஒழுக்கைக் கண்டுபிடித்தது.

இவை பெரிய சாதனைகள். ஆயினும் சாதனையின் அளவும் அதன் உடைமையும் இரு வேறு வினாக்கள். முதலாவதற்குரிய விடையைக் கொண்டு இரண்டாவதை மூடிமறைப்பதே இங்கு நடைபெறுவது.

3. சுருங்காதவை

கருவியைச் சுருக்கலாம், பௌதிக விதிகளைச் சுருக்க முடியாது. முதலாவது, துவாரத்தின் அளவு. ஒளியின் கோணல் இயல்பினால், சிறிய துவாரமுள்ள கருவி நுண்ணிய விவரத்தைப் பிரித்தறியாது. 8 சதமமீற்றர் விட்டமுள்ள ஆடி 500 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 2.3 மைக்குரோமீற்றர் அலைநீளத்தில் ஏறத்தாழ 18 மீற்றர் அளவான விவரத்தையே பிரித்துக் காட்டும். 10 மைக்குரோமீற்றர் வெப்பக் கதிரில் அது ஏறத்தாழ 76 மீற்றராகிவிடும். எந்தக் கெட்டித்தனமும் இவ்வெல்லையைத் தாண்டாது.

இரண்டாவது, நேரம். தாழ்ந்த சுற்றுப்பாதையிற் செல்லும் செய்மதிக்குக் கீழே நிலம் செக்கனுக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. 30 மீற்றர் நிலத்துண்டு ஒன்று கருவியின் பார்வையில் நிற்பது செக்கனின் ஆயிரத்தில் நான்கு பங்கு மட்டுமே. அந்நேரத்துக்குள் சிறு துவாரத்தால் வந்த சிறு ஒளியையும் இருநூறு அலைநீளங்களுக்குப் பங்கிட வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். அறை வெப்பநிலையிலுள்ள எப்பொருளும் 10 மைக்குரோமீற்றரை அண்டித் தானே கதிர் வீசுகின்றது. கருவியின் சுவர்களும் அதற்கு விலக்கல்ல. தன் வீட்டுச் சுவர்களே ஒளிர்ந்துகொண்டிருக்க, வெளியேயுள்ள மங்கிய விளக்கை நோக்குபவனின் நிலை இது. ஆகவே உணரியைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். குளிர்விக்க மின்வலு வேண்டும். 10 சதமமீற்றர்ச் சதுரப் பக்கமொன்றில் நேர்நின்று விழும் சூரிய ஒளி ஏறத்தாழ 13.6 உவாற்று, அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே மின்னாக மாறும். குளிர்விக்கும் பொறிக்கோ பல உவாற்றுக்கள் தேவை.

நான்காவது தடை பௌதிகத்தினால் வந்ததன்று, மனிதர் இட்டது. இரசம், கட்மியம், தெலூரியம் சேர்ந்த குறைகடத்தி 1959 இல் பிரித்தானியாவின் மால்வேர்னில் இருந்த அரச ராடார் ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்டது. இராணுவத் தேவையோடு பிறந்த அவ்வகை உணரித் தகடுகள் இன்றும் 1996 இல் ஏற்பட்ட வாசனார் உடன்பாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெறுகின்றன. ஆடியை யாரும் தீட்டலாம். பெட்டியை யாரும் வெட்டலாம். கருவியின் கண்மணியைப் பெறுவதற்கு மட்டும் மற்றொரு நாட்டின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இதனைப் பொதுவுடைமை என்று சொல்பவர் சொல்லின் பொருளை மாற்றுகின்றனர்.

4. தெரிவு யாருடையது?

மேற்கூறிய எல்லைகளின் விளைவு யாது? சிறு கருவி எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே தெரிவுசெய்தாக வேண்டும். பல அலைநீளங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒளி போதாது. ஒளி போதவேண்டுமாயின் அலைநீளங்களைக் குறைக்க வேண்டும் அல்லது ஒரே இடத்தை உற்று நோக்க வேண்டும். கிளேயர் பின்னைய இரண்டையும் செய்தது. 1.65 மைக்குரோமீற்றரை அண்டிய ஒடுங்கிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பறந்துகொண்டே உடலைத் திருப்பி, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் அகலமான ஒரு களத்தை உற்று நோக்கியது. வடிவமைப்பு என்ற வகையில் இது புத்திசாலித்தனமான தீர்வு. ஆனால் எந்தக் களத்தை நோக்குவது என்பதை யார் தீர்மானிப்பது? செலவைக் கொடுப்பவர் தீர்மானிப்பார்.

கருவி எவ்வளவு சிறுக்கின்றதோ அவ்வளவுக்குத் தெரிவின் முக்கியத்துவம் பெருகுகின்றது. தெரிவின் முக்கியத்துவம் எவ்வளவு பெருகுகின்றதோ அவ்வளவுக்குத் தெரிவுசெய்பவரின் அதிகாரமும் பெருகுகின்றது. சிறுமையைச் சனநாயகம் என்று போற்றுவோர் காணத் தவறுவது இவ்வுறவையே.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. 2022 யூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு நாசா அனுப்பிய 'எமிற்' என்ற கருவி பாலைநிலத் தூசியின் கனிப்பொருள்களை அறிவதற்கென அமைக்கப்பட்டது. 0.38 முதல் 2.5 மைக்குரோமீற்றர் வரை முழு நிறமாலையையும் அது பதிவுசெய்தமையால், எவரும் முதன்மையாகக் கேளாத வினாவுக்கும் அதில் விடை இருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபருக்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட பெரும் மெதேன் ஊற்றுக்கள் அப்பதிவுகளில் இனங்காணப்பட்டன. தெஹ்ரானுக்குத் தெற்கேயுள்ள குப்பைமேடும் அவற்றுள் ஒன்று. ஆனால் எமிற்றுக்கு வலுவும் குளிர்ச்சியும் வழங்க ஒரு விண்வெளி நிலையமே துணைநின்றது. சிறு செய்மதிக்கு அந்தச் சலுகை இல்லை.

5. படம் அன்று, தீர்ப்பு

நிறமாலைமானி தருவது புகைப்படம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது தருவது எண்களின் தொகுதி. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளிக்கு எவ்வாறு துலங்குகின்றது, விண்ணிற் குளிர்ந்தபின் அத்துலங்கல் எவ்வளவு மாறிற்று, நிலத்தின் சொந்த வெப்பக் கதிரை எவ்வளவு கழிப்பது என்பனவற்றையெல்லாம் கணித்த பின்னரே "இங்கே மெதேன்", "இங்கே நீர்" என்ற முடிவு பிறக்கின்றது. அளவுகோடிடல் எனப்படும் இப்பணியில் ஏற்படும் சிறு பிழை இல்லாத பொருளை உண்டாக்கவும், உள்ள பொருளை மறைக்கவும் வல்லது.

சந்திரயான் கருவியின் வரலாறே இதற்குத் தக்க சான்று. அக்கருவி 3 மைக்குரோமீற்றர் வரையே பார்த்தது. அவ்விடத்தில் சந்திரனின் சொந்த வெப்பக் கதிர் நீரின் அடையாளத்தோடு கலந்துவிடுகின்றது. வெப்பத்தை ஒரு முறையாகக் கழித்தோர் நீரின் அளவு பகற்பொழுதோடு மாறுகின்றது என்றனர். 2018 இல் வேறு முறையாகக் கழித்தோர் அது பொழுதைப் பொறுத்துப் பெரிதும் மாறுவதில்லை என்றனர். தரவு ஒன்று, முடிவு இரண்டு. இவ்விவாதம் நிகழ முடிந்தமைக்கு ஒரே காரணம் அத்தரவு எவரும் எடுத்து மீளக் கணிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டிருந்தமையே. அது பூட்டிவைக்கப்பட்டிருந்தால் முதற் கூற்றே சத்தியமாக நிலைத்திருக்கும். இவ்வையத்தைத் தீர்க்க 3.6 மைக்குரோமீற்றர் வரை பார்க்கும் கருவியுடன் 2025 பெப்ரவரியில் 'லூனார் ட்ரெயில்பிளேசர்' என்ற சிறு செய்மதி அனுப்பப்பட்டது. ஏவப்பட்ட மறுநாளே தொடர்பு அறுந்தது. அவ்வாண்டு யூலை 31 இல் அத்திட்டம் முடிவுற்றது. மலிவு என்பதற்குரிய விலையும் இதுவே.

சந்திரனின் நீரைப் பற்றிய தவறான முடிவு யாருடைய சோற்றிலும் மண்ணைப் போடாது. பூமியின் வாயுவைப் பற்றிய தவறான முடிவு அவ்வாறன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய மெதேன் ஒழுங்குவிதி, இறக்குமதியாகும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றின் மெதேன் வெளியீட்டையும் கணக்கில் எடுக்கின்றது. செய்மதித் தரவைக் கொண்டு உலகளாவிய கண்காணிப்புக்கும் இடம் வகுக்கின்றது. இனி நிறமாலையின் ஒரு பள்ளம் ஒரு நாட்டின் ஏற்றுமதியைப் பாதிக்கும் சாட்சியமாகலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடமில்லாத நீதிமன்றத்தை எந்தச் சட்டமும் நீதிமன்றம் என்று ஏற்பதில்லை.

6. பழைய போராட்டம், புதிய கோலம்

இவ்வினா புதியதன்று. 1970களில் ஆர்ஜென்டினா, பிரேசில் முதலிய நாடுகள், ஒரு நாட்டை வானிலிருந்து ஆராய அந்நாட்டின் முன்னனுமதி வேண்டும் என ஐக்கிய நாடுகள் சபையில் வாதிட்டன. 1986 டிசெம்பர் 3 இல் பொதுச்சபை ஏற்ற தொலையுணர்வுக் கோட்பாடுகள் அக்கோரிக்கையைக் கைவிட்டன. அதற்கு ஈடாக, நோக்கப்பட்ட நாடு தன் நிலத்தைப் பற்றிய மூலத் தரவையும் பதனிட்ட தரவையும் பாகுபாடின்றி, நியாயமான செலவிற் பெறலாம் என்று பன்னிரண்டாம் கோட்பாடு கூறிற்று. ஆய்ந்து பெற்ற தகவலைப் பொறுத்தவரையிலோ, தொலையுணர்வில் ஈடுபடும் அரசொன்றின் கைவசம் உள்ளதையே அது குறிப்பிட்டது. தனியார் நிறுவனத்தின் கைவசம் உள்ளதைப் பற்றி அது பேசவில்லை. அன்று தெரியாத அந்த ஓட்டை இன்று வாசலாகிவிட்டது.

தரவை விற்பதால் அறிவு வளராது என்பதற்கும் வரலாறு சான்று பகர்கின்றது. அமெரிக்கா 1984 இல் லான்ட்சாற் செய்மதியின் தரவைத் தனியார் விற்பனைக்கு விட்டபின் ஒரு படத்தின் விலை 4000 டொலரைத் தாண்டிற்று. பின்னர் விலை குறைந்து, மிகுதியாக விற்பனையான 2001 இலும் விற்ற படங்கள் ஏறத்தாழ 25,000 தான். 2008 இல் இலவசமாக்கப்பட்டபின் ஓராண்டளவில் வழங்கப்பட்டவை 10 இலட்சத்தைத் தாண்டின. ஏழை நாடுகளின் ஆய்வாளருக்கு வானம் திறந்தது செய்மதி சிறுத்தபோதன்று; விலை நீங்கியபோதே.

7. மறுப்புரைகள்

"பிறரிடம் தரவு கேட்டுக் கையேந்துவதேன்? ஒவ்வொரு நாடும் தன் செய்மதியை அனுப்பட்டும்" என்பர் சிலர். 10 சதமமீற்றர்க் கனவுருச் செய்மதி 1999 இல் கலிபோர்ணியாவின் இரு பல்கலைக்கழக ஆசிரியரால் மாணவர் பயிற்சிக்கென வகுக்கப்பட்டது. அதே அளவான 'ராவணா-1' ஐ இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானின் கியூஷூ தொழினுட்ப நிறுவகத்தில் உருவாக்கினர்; 2019 ஏப்பிரிலில் ஏவப்பட்டு யூனில் அது சுற்றுப்பாதையில் விடப்பட்டது. பயிற்சி என்ற வகையில் அது மதிக்கத்தக்க முயற்சி. ஆயின் அன்று எழுந்த ஆரவாரம் அதனைப் பயிற்சியாகக் கொள்ளாமல் இறைமையாகக் கொண்டது. ஒரு கிலோகிராம் பெட்டியொன்றில் மெதேனை அளக்கும் குளிர்ந்த கண்ணை வைக்க முடியாது என்பதைச் சொல்லுபவர் அரிதாயிருந்தனர். கொடி பொறித்த பெட்டி வானிற் செல்வதும், வானிலிருந்து வரும் எண்ணைச் சரிபார்க்க ஆற்றல் பெறுவதும் ஒன்றல்ல.

"முதலிட்டவர் இலாபம் பெறவேண்டாமா?" என்பது இரண்டாவது மறுப்பு. வணிகச் சேவையை எவரும் தடைசெய்யக் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின்மீது குற்றம் சாட்டவோ ஒப்பந்தத்தை மாற்றவோ பயன்படும் தரவு, சாதாரண விற்பனைப் பண்டமாக இருத்தல் தகாது. தரவைத் திறந்துவைப்பதாக வாக்களித்து 2024 மார்ச்சில் ஏவப்பட்ட 'மெதேன்சாற்' என்ற செய்மதி 2025 யூனில் தொடர்பிழந்தது. நியூசிலாந்து அரசும் பங்கேற்ற அம்முயற்சியை ஈடுசெய்யப் பின்னணியில் மற்றொன்று நிற்கவில்லை. தனியாரிடமோ பத்துக்கு மேற்பட்ட செய்மதிகள் உண்டு. பொதுநலத்துக்கு ஒன்று, இலாபத்துக்குப் பல என்ற இவ்வமைப்பில் ஒரு விபத்தே பொதுநலத்தைக் குருடாக்கிவிடுகின்றது.

"கண்டாலே போதும், உலகம் திருந்திவிடும்" என்பது மூன்றாவது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் செய்மதி கண்ட மெதேன் ஒழுக்குகளை அவ்வந்நாட்டு அரசுகளுக்கும் கம்பனிகளுக்கும் அறிவித்து வருகின்றது. 1200 அறிவித்தல்களுள் நூற்றுக்கு ஒன்று அளவுக்கே உரிய மறுமொழி கிடைத்ததாக 2024 இல் அத்திட்டமே வெளியிட்டது. பார்ப்பது வேறு, பொறுப்பேற்பது வேறு.

"கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை?" என்பது இறுதி மறுப்பு. துவாரத்தின் விட்டத்தைப் பௌதிகம் கூறும். அத்துவாரம் எங்கே திரும்புவது, அது கண்டதை யார் வாசிப்பது, தவறென்றால் யார் எதிர்த்துக் கேட்பது என்பவை வரலாறும் பொருளியலும் சட்டமும் சார்ந்த வினாக்கள். அவற்றைக் கருவி செய்வோரிடமே விட்டுவிடுவது கலைப்பீடத்தின் அடக்கமன்று. அதன் கடமை தவறல்.

8. செய்யத்தக்கது

முதலாவது, எந்நாட்டையேனும் பொறுப்புக்கூற வைக்கும் நோக்குடன் பயன்படுத்தப்படும் நிறமாலைத் தரவின் மூலப்பதிவும் அளவுகோடிடற் குறிப்பும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். முடிவை மட்டும் வெளியிடுதல் தீர்ப்பை மட்டும் வாசித்துச் சாட்சியத்தை மறைத்தலாகும். இரண்டாவது, 1986 இன் கோட்பாடு தனியார் உடைமையிலுள்ள தகவலையும் அடக்குமாறு விரிக்கப்பட வேண்டும். மூன்றாவது கடமை சிறு நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குரியது. செய்மதி ஏவும் விழாவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியாவது நில அளவீட்டுக்கும், திறந்த தரவை மீளக் கணிக்கும் பயிற்சிக்கும் செல்ல வேண்டும். நிறமாலைமானியைத் தாமே செய்ய இயலாதவரும் அதன் கணிப்பை ஐயுறக் கற்கலாம். எமிற்றின் தரவு அதற்கென இன்றே திறந்து கிடக்கின்றது. அக்கல்வி தாய்மொழியிலும் நிகழவேண்டும். ஐயம் கொள்ளும் ஆற்றல் அன்னியமொழி வல்லார் சிலரின் தனியுடைமையாக இருக்கும்வரை அதுவும் ஓர் ஏகபோகமே.

ஹேர்ஷல் கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கண்டபோது அவர் கையில் இருந்தவை ஓர் அரியமும் சில வெப்பமானிகளும். அவற்றைக் கொண்டு எவரும் அச்சோதனையை மீளச் செய்து பார்க்கலாம் என்பதனாலேயே அது விஞ்ஞானமாயிற்று. இன்று பெட்டிக்குள் அடங்கிய கண் அவரது வெப்பமானியைவிடக் கோடிமடங்கு கூர்மையானது. அது காண்பதை எவரும் மீளச் சரிபார்க்க முடியாதாயின் அது விஞ்ஞானத்தின் கண்ணன்று, கண்காணியின் கண்ணேயாகும். பெட்டி எவ்வளவு சிறுத்தாலும் கண்காணி சிறுப்பதில்லை.